டிக்கியில் ஒரு பெட்டி: சப்வூஃபர் பாக்ஸ் உண்மையில் என்ன வேலை செய்கிறது?

காரில் சப்வூஃபர், அதாவது மிகத் தாழ்ந்த சுருதிகளுக்கென்றே இருக்கும் ஸ்பீக்கர், வைப்பது பற்றிப் பேச்சு எடுத்தாலே அது இரண்டு எண்களைச் சுற்றித்தான் வரும்: எத்தனை இன்ச், எத்தனை வாட்ஸ். பெட்டியைப் பற்றிய கேள்வி கடைசியில் வரும், அதுவும் "டிக்கியில் எவ்வளவு இடம் இருக்கிறது?" என்ற அளவில். இருக்கிற இடத்துக்கு ஒரு பெட்டி அடித்து, வட்டமாக ஓட்டை போட்டு, ஸ்பீக்கரை முடுக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் ஏராளம். பிறகு எந்தப் பாட்டுப் போட்டாலும் ஒரே 'தொம் தொம்', அல்லது நம்பர் பிளேட் அதிர்கிற அளவுக்குக்கூட உள்ளே பேஸ் (அந்தத் தாழ்ந்த சுருதி ஒலி) கேட்கவில்லை என்று புலம்பல். பழி ஸ்பீக்கர் மேல் விழும், அதற்குச் சக்தி கொடுக்கும் ஆம்ப் மேல் விழும். பெட்டி மட்டும் தப்பித்துவிடும்.

ஒரே சப்வூஃபரை இரண்டு வேறு அளவுப் பெட்டிகளில் மாற்றி வைத்துக் கேட்டால் இரண்டு வேறு ஸ்பீக்கர் என்றே தோன்றும். ஏனென்றால் பெட்டி ஸ்பீக்கரைத் தாங்கி நிற்கும் ஸ்டாண்ட் அல்ல. அதற்குள் அடைபட்ட காற்று, ஸ்பீக்கரோடு சேர்ந்து இயங்கும் ஒரு பாகம். பலகை, பசை, திருகு எல்லாம் அந்தக் காற்றை அளந்து அடைத்து வைப்பதற்குத்தான். நடுவில் கொஞ்சம் கணக்கு வரும். கால்குலேட்டரில் வர்க்கமூலப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

## பெட்டியே இல்லாவிட்டால்?

ஸ்பீக்கரில் முன்னும் பின்னும் ஆடுகிற கூம்புக்குக் கோன் என்று பெயர். கோன் முன்னால் வரும்போது அதன் முன்பக்கக் காற்று நெருக்கப்படுகிறது. அதே கணத்தில் பின்பக்கக் காற்று தளர்கிறது. அதாவது எந்த ஸ்பீக்கரும் ஒரே நேரத்தில் இரண்டு ஒலிகளை எழுப்புகிறது. முன்னால் கூட்டல் என்றால் பின்னால் கழித்தல்.

உயர்ந்த சுருதிகளுக்கு இதனால் பெரிய தொல்லை இல்லை. சிக்கல் பேஸில்தான், அதற்குக் காரணம் அலையின் நீளம். ஒரு விநாடியில் எத்தனை முறை அதிர்கிறது என்பது அதிர்வெண். அதன் அலகு ஹெர்ட்ஸ். ஒலி காற்றில் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடுகிறது. இந்த வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும். 4,000 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஒன்பது சென்டிமீட்டர்கூட இல்லை. 40 ஹெர்ட்ஸ் பேஸ் அலையின் நீளமோ எட்டரை மீட்டர். ஒரு அடி அகல ஸ்பீக்கரின் விளிம்பு இவ்வளவு நீளமான அலைக்கு ஒரு தடையே இல்லை. முன்னால் நெருக்கப்பட்ட காற்று விளிம்பைச் சுற்றிக்கொண்டு பின்னால் போய் அங்குள்ள வெற்றிடத்தை நிரப்பிவிடும். கூட்டலும் கழித்தலும் சேர்ந்தால் பூஜ்யம். பெரிய சப்வூஃபரைத் தரையில் வைத்து ஆம்பில் இணைத்துப் பாருங்கள்: கோன் வெறிபிடித்ததுபோல ஆடும், பேஸ் மட்டும் இருக்காது.

ஆக, பெட்டியின் முதல் வேலை முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பிரிப்பது. காற்று ஒழுகாத எந்தப் பெட்டியும் இதைச் செய்துவிடும். பலருடைய புரிதல் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. அதனால்தான் 'அளவு எதுவானால் என்ன' என்ற எண்ணம் வருகிறது.

## காற்றுக்கும் விறைப்பு உண்டு

ஊசி மாட்டாத சிரிஞ்சு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 10 மில்லி வரை காற்றை இழுத்து, முனையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு, பிஸ்டனை 2 மில்லி அளவுக்கு உள்ளே தள்ளுங்கள். சுலபமாகப் போகும். இப்போது 3 மில்லி காற்று மட்டும் வைத்துக்கொண்டு அதே 2 மில்லி தள்ளிப் பாருங்கள். கை வலிக்கும், விட்டதும் பிஸ்டன் துள்ளித் திரும்பும். தள்ளிய தூரம் ஒன்றுதான். அடைபட்ட காற்று குறைந்ததும் அது விறைப்பான ஸ்பிரிங்காக மாறிவிட்டது.

மூடிய பெட்டியில் கோன்தான் பிஸ்டன். பெட்டி சிறிதானால் பின்னால் இருக்கும் காற்று ஸ்பிரிங் விறைக்கும், பெரிதானால் தளரும். கோனுக்குச் சொந்தமாகவும் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. வெளி விளிம்பில் உள்ள ரப்பர் வளையம் சரவுண்ட். உள்ளே, கோனை ஆட்டும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயிலைச் சுற்றி, மடிப்பு மடிப்பாக இருக்கும் துணி வட்டு ஸ்பைடர். இந்த இரண்டும் சேர்ந்துதான் கோனை நடுநிலைக்கு இழுத்து வருகின்றன. பெட்டியில் பூட்டியதும் மூன்றாவதாகக் காற்று வந்து சேர்ந்துகொள்கிறது.

ஸ்பிரிங்கில் கட்டிய எடைக்கு அதற்கென்று ஒரு ஆட்ட வேகம் உண்டு. அதை ஒத்ததிர்வு என்பார்கள். ஸ்பிரிங் விறைத்தால் ஒத்ததிர்வு மேலே ஏறும். கோனுக்கும் அதே கதை: பெட்டியைச் சுருக்கினால் அதன் ஒத்ததிர்வு ஏறும். மூடிய பெட்டியில் ஒத்ததிர்வுக்குக் கீழே உள்ள சுருதிகள் படிப்படியாக அடங்கிவிடும். பெட்டியைச் சுருக்கச் சுருக்க அடி பேஸ் காணாமல் போவது இதனால்தான்.

இந்த யோசனைக்கு ஒரு வரலாறு உண்டு. துணியும் ரப்பரும் சரியான ஸ்பிரிங் அல்ல. நிறைய இழுத்தால் கோணலாக நடந்துகொள்ளும். அடைபட்ட காற்று அவற்றைவிட ஒழுங்கானது. அமெரிக்காவில் எட்கர் வில்சர் 1954-இல் இதைத் தலைகீழாகப் பயன்படுத்தினார்: ஸ்பீக்கரின் சொந்த ஸ்பிரிங்கை வேண்டுமென்றே தளர்த்திவிட்டு, சிறிய மூடிய பெட்டியின் காற்றையே முக்கிய ஸ்பிரிங்காக ஆக்கினார். அதுவரை பேஸ் வேண்டுமென்றால் அலமாரி அளவுப் பெட்டி வேண்டும் என்றிருந்த நிலை மாறியது.

இதுவரை பார்த்தது: பெட்டி இரண்டு வேலை செய்கிறது. முன்பக்க ஒலியையும் பின்பக்க ஒலியையும் பிரிக்கிறது. கோனுக்கு ஒரு காற்று ஸ்பிரிங்கைக் கொடுக்கிறது. முதல் வேலைக்கு அளவு முக்கியமில்லை. இரண்டாவதற்கு அளவுதான் எல்லாமே.

## அட்டையில் இருக்கும் மூன்று எண்கள்

சரி, எந்த ஸ்பீக்கருக்கு எத்தனை லிட்டர்? இதற்கான விடை ஸ்பீக்கரோடு வரும் விவரத்தாளில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-இலும், அவரைத் தொடர்ந்து ரிச்சர்ட் ஸ்மால் 1970-களின் தொடக்கத்திலும் செய்த ஆய்வுகளால், ஒரு ஸ்பீக்கர் எந்தப் பெட்டியில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சில எண்களை வைத்தே முன்கூட்டிக் கணிக்க முடிகிறது. இவற்றைத் தீல்-ஸ்மால் அளவுகள் என்று சொல்வார்கள். பட்டியல் நீளமாக இருக்கும். ஆரம்பத்துக்கு மூன்று போதும்.

எஃப்.எஸ்: பெட்டி எதுவும் இல்லாமல் ஸ்பீக்கர் மட்டும் இருக்கும்போது அதன் ஒத்ததிர்வு.

வி.ஏ.எஸ்: ஸ்பீக்கரின் சொந்த ஸ்பிரிங் எவ்வளவு விறைப்போ, அதே விறைப்புள்ள காற்றின் கொள்ளளவு. லிட்டரில் இருக்கும். பலர் இதைப் பெட்டியின் அளவு என்று படித்துவிடுகிறார்கள். அப்படி இல்லை, இது ஸ்பிரிங்கின் விறைப்பைச் சொல்லும் ஒரு வழி.

க்யூ.டி.எஸ்: கோன் ஆட ஆரம்பித்தால் எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்பதற்கான எண். குறைவாக இருந்தால் காந்தம் கோனை இறுக்கிப் பிடித்திருக்கிறது. அதிகமாக இருந்தால் சும்மா விட்டாலும் ஆடிக்கொண்டிருக்கும்.

கணக்கு இப்படி. வி.ஏ.எஸ்-ஐப் பெட்டியின் லிட்டரால் வகுக்கவும், 1 கூட்டவும், வர்க்கமூலம் எடுக்கவும். வரும் எண்ணால் எஃப்.எஸ்-ஐப் பெருக்கினால் பெட்டிக்குள் ஒத்ததிர்வு எங்கே ஏறி நிற்கும் என்று தெரியும். அதே எண்ணால் க்யூ.டி.எஸ்-ஐப் பெருக்கினால் பெட்டியும் ஸ்பீக்கரும் சேர்ந்த க்யூ கிடைக்கும். இந்தக் கடைசி எண் 0.7 அருகில் இருந்தால் பேஸ் மேடுபள்ளம் இல்லாமல் சமமாக இருக்கும். 1-ஐத் தாண்டினால் ஒத்ததிர்வுக்குப் பக்கத்தில் ஒரு மேடு எழும். எல்லாப் பாட்டும் ஒரே சுருதியில் இடிக்கிறது என்று சொல்கிறோமே, அந்த இடி பெரும்பாலும் இங்கிருந்துதான்.

எஃப்.எஸ் 30 ஹெர்ட்ஸ், வி.ஏ.எஸ் 60 லிட்டர், க்யூ.டி.எஸ் 0.45 என்று ஒரு ஸ்பீக்கரை வைத்துக்கொள்வோம். 41 லிட்டர் பெட்டியில் மொத்த க்யூ கிட்டத்தட்ட 0.7, ஒத்ததிர்வு 47 ஹெர்ட்ஸ். நல்ல இடம். அதையே 20 லிட்டர் பெட்டியில் வைத்தால் க்யூ 0.9, ஒத்ததிர்வு 60. இதையும் வைத்துச் சமாளிக்கலாம். இடம் இல்லை என்று 10 லிட்டருக்கு இறங்கினால் க்யூ 1.2, ஒத்ததிர்வு 79 ஹெர்ட்ஸ். சப்வூஃபர் என்று வாங்கியது சப்வூஃபர் வேலையை விட்டுவிட்டது. மறுபக்கம், 80 லிட்டர் கொடுத்தால் க்யூ 0.6, ஒத்ததிர்வு 40. அடி பேஸ் இன்னும் இறங்கும்; ஆனால் கோனைப் பிடித்து நிறுத்தக் காற்று ஸ்பிரிங் போதாது. கூட வாட்ஸ் ஏற்றினால் கோன் தன் எல்லையைச் சீக்கிரம் தொட்டுவிடும். 'பெரிய பெட்டி என்றால் பெரிய பேஸ்' என்ற பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதிதான் ஸ்பீக்கரைக் கிழிக்கிறது.

## மூடிய பெட்டி காருக்குள் ஏன் நன்றாக வேலை செய்கிறது?

மேலே சொன்ன 47 ஹெர்ட்ஸைப் பார்த்து, 'அப்படியானால் 30 ஹெர்ட்ஸ் கேட்காதா?' என்று கேட்கலாம். திறந்த வெளியில் வைத்தால் நன்றாகவே குறையும். முழுக்க மூடிய பெட்டியை சீல்டு பாக்ஸ் என்பார்கள். அதில் ஒத்ததிர்வுக்குக் கீழே, அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு படிக்கும் ஒலி 12 டெசிபெல் இறங்கும் (டெசிபெல் என்பது சத்தத்தை அளக்கும் அலகு). அதிர்வெண் பாதியாகும் அல்லது இரட்டிப்பாகும் இந்த ஒரு படிக்கு ஆக்டேவ் என்று பெயர்.

ஆனால் கார் திறந்த வெளி இல்லை. அலைநீளத்தில் பாதி, காரின் உட்புற நீளத்தைவிடப் பெரிதாகிவிட்டால், அலை உள்ளே ஓடுவதற்கே இடம் இருக்காது. சப்வூஃபர் அப்போது அலையை அனுப்புவதை விட்டுவிட்டு, காருக்குள் இருக்கும் மொத்தக் காற்றையும் ஒரே மூச்சில் நெருக்கித் தளர்த்துகிறது. உட்புறம் 2.5 மீட்டர் நீளம் என்றால் இது 69 ஹெர்ட்ஸ் வாக்கில் ஆரம்பிக்கும். அதற்குக் கீழே போகப்போக ஒலி ஏறும். முழுக்க இறுக்கமான அறையாக இருந்தால் ஆக்டேவுக்கு 12 டெசிபெல் வரை. கதவு இடுக்குகளும் மெல்லிய தகடுகளும் இதில் கொஞ்சத்தைத் தின்றுவிடும். இதற்கு கேபின் கெயின் என்று பெயர்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெட்டி ஆக்டேவுக்கு 12 டெசிபெல் இறக்குகிறது. கார் ஏறக்குறைய அதே அளவு ஏற்றுகிறது. இரண்டும் ஒன்றையொன்று சமன்செய்ய, வீட்டு அறையில் 45 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும் பெட்டி, காருக்குள் 25 ஹெர்ட்ஸ் வரை தாராளமாக இறங்குகிறது. வீட்டு ஸ்பீக்கர்களுக்கான அறிவுரையை அப்படியே டிக்கிக்குப் பொருத்தக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

முதல் பெட்டி செய்கிறவர் சீல்டு பாக்ஸே செய்யட்டும் என்பது என் கட்சி. கணக்கு சுலபம், அளவில் ஐந்து சதவீதம் தவறினாலும் காது கண்டுபிடிக்காது, இடமும் குறைவு.

## போர்ட் வைத்த பெட்டி: பின்பக்க ஒலியை வீணாக்காமல்

சீல்டு பாக்ஸில் கோனின் பின்பக்க ஒலி முழுவதும் உள்ளேயே அடைபட்டு வீணாகிறது. பாதி உழைப்பு போச்சு. அதையும் வெளியே கொண்டுவர முடியாதா? சும்மா ஓட்டை போட்டால் பழையபடி கூட்டலும் கழித்தலும் சேர்ந்து பூஜ்யமாகிவிடும். ஓட்டைக்குப் பதில், அளந்த நீளத்தில் ஒரு குழாயை வைத்தால் நிலைமை மாறுகிறது. அந்தக் குழாய்தான் போர்ட். பெல் ஆய்வகத்தில் இருந்த ஆல்பர்ட் துராஸ் 1930-இல் விண்ணப்பித்து 1932-இல் பெற்ற காப்புரிமை இந்த ஏற்பாட்டுக்குத்தான்.

காலி பாட்டிலின் வாயில் குறுக்காக ஊதினால் 'பூம்' என்று ஒரு சுருதி வருமே, போர்ட்டில் நடப்பதும் அதேதான். பாட்டிலின் கழுத்தில் இருக்கும் காற்று ஒரு கட்டியாக ஆடுகிறது, உள்ளே இருக்கும் காற்று ஸ்பிரிங்காக அதைத் திருப்பி அனுப்புகிறது. இதை ஆராய்ந்த பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸின் பெயராலேயே இந்த அமைப்பு அழைக்கப்படுகிறது. பெட்டியில், போர்ட் குழாய்க்குள் இருக்கும் காற்று அந்தக் கட்டி; பெட்டிக் காற்று ஸ்பிரிங். இரண்டும் சேர்ந்து ஆடும் அதிர்வெண் ட்யூனிங். அந்த அதிர்வெண்ணுக்கு அருகில், போர்ட்டில் இருந்து வரும் ஒலி தலைகீழாகத் திரும்பி, முன்பக்க ஒலியோடு ஒத்துப்போகிறது. கழித்தல் கூட்டலாகிவிட்டது.

பார்க்க வேடிக்கையான விஷயம் ஒன்று: 35 ஹெர்ட்ஸுக்கு ட்யூன் செய்த பெட்டியில் 35 ஹெர்ட்ஸ் ஒலியை ஓட்டினால், காது அடைக்கும் பேஸ் வரும், கோனோ கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும். கையைப் போர்ட் வாயில் வைத்தால் புரியும். அடிப்பதெல்லாம் அங்கிருந்து வரும் காற்றுதான்.

இதற்கு ஒரு விலை இருக்கிறது. ட்யூனிங்கிற்குக் கீழே போனால் போர்ட் வெறும் ஓட்டையாகிவிடும். காற்று ஸ்பிரிங் இல்லை, கோனைப் பிடிக்க ஆளில்லை. அதன் ஆட்டம் சட்டென்று பல மடங்காகி, வாய்ஸ் காயில் காந்தத்தின் அடித்தட்டில் மோதும். 'டக்' என்று ஒரு உலோகச் சத்தம் வந்தால் அது இதுதான், உடனே சத்தத்தைக் குறைத்துவிடுங்கள். போர்ட் வைத்த பெட்டிக்கு ஆம்பில் சப்சானிக் ஃபில்டர் வேண்டும் என்று சொல்வது இதற்காக. மிகத் தாழ்ந்த சுருதிகளை ஸ்பீக்கருக்குப் போகாமல் தடுக்கும் அமைப்பு அது. ட்யூனிங்கிற்குக் கொஞ்சம் கீழே, 35 என்றால் 30 வாக்கில் வைக்கலாம். இன்னொன்று, இந்தப் பெட்டியில் ட்யூனிங்கிற்குக் கீழே ஒலி ஆக்டேவுக்கு 24 டெசிபெல் வீதம் சரிகிறது. கேபின் கெயினால் அதில் பாதியைத்தான் ஈடுகட்ட முடியும்.

போர்ட்டின் அளவில்தான் பலர் சறுக்குகிறார்கள். 50 லிட்டர் பெட்டியை 35 ஹெர்ட்ஸுக்கு ட்யூன் செய்ய 3 இன்ச் குழாய் என்றால் ஏறக்குறைய 17 சென்டிமீட்டர் நீளம் போதும். 4 இன்ச் என்றால் 32. 6 இன்ச் என்றால் 78 சென்டிமீட்டர். அதாவது பெட்டிக்குள் அடங்காது. 'சின்னக் குழாயே போதுமே' என்று தோன்றும். ஆனால் அதே அளவு காற்று குறுகலான வாய் வழியாகப் போக வேண்டுமென்றால் வேகம் ஏறும். விநாடிக்கு 17 மீட்டருக்குள் இருப்பது நல்லது என்பது பொதுவான விதி. அதை வெகுவாகத் தாண்டினால் பேஸோடு சேர்ந்து 'புஸ் புஸ்' என்று காற்று சீறும். குழாயை அகலமாக்கினால் நீளமும் சேர்ந்து ஏறுகிறது. இந்த இழுபறிக்கு நடுவில்தான் எல்லா போர்ட் பெட்டிகளும் பிறக்கின்றன. இந்த நீளங்களைக் கையால் கணக்கிட வேண்டாம். இலவச மென்பொருள்கள் இருக்கின்றன, மேலே சொன்ன தீல்-ஸ்மால் எண்களைக் கொடுத்தால் போதும்.

பேண்ட்பாஸ் என்று இன்னொரு வகை உண்டு. ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளேயே ஒளிந்திருக்கும், போர்ட் மட்டும் வெளியே தெரியும். குறுகிய எல்லைக்குள் பலத்த சத்தம் தரும். கணக்குத் தவறினால் திருத்தவே முடியாது. ஆரம்பத்தில் அதன் பக்கம் போக வேண்டாம்.

சுருக்கமாக: சீல்டு பாக்ஸ் சிறியது, அடக்கமானது, தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். போர்ட் பெட்டி அதே வாட்ஸில் ட்யூனிங்கை ஒட்டிக் கூடுதல் சத்தம் தரும், ஆனால் இடம் கேட்கும், கணக்குச் சுத்தமாக இருக்க வேண்டும், ஃபில்டரும் வேண்டும். எந்த ஸ்பீக்கருக்கு எது பொருந்தும் என்பதைத் தயாரிப்பாளரே விவரத்தாளில் சொல்லியிருப்பார். கன அடியில் சொல்லியிருந்தால் 28.3-ஆல் பெருக்குங்கள், லிட்டர் வரும்.

## லிட்டர் எங்கே ஒளிந்துகொள்கிறது?

60 × 40 × 35 சென்டிமீட்டரில் ஒரு பெட்டி. பெருக்கினால் 84 லிட்டர். ஆனால் இது வெளி அளவு. 18 மில்லிமீட்டர் பலகை என்றால் நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றிலும் இரண்டு பலகைகள், அதாவது 3.6 சென்டிமீட்டர் குறையும். உள்ளே 56.4 × 36.4 × 31.4. இது 64.5 லிட்டர்தான். இருபது லிட்டரை மரம் விழுங்கிவிட்டது. வெளி அளவை வைத்துக் கணக்குப் போட்டவர் ஏன் தன் பெட்டி சொன்னபடி கேட்கவில்லை என்று தலையைச் சொறிவது இதனால்தான்.

உள் அளவிலும் முழுதும் காற்று இல்லை. ஸ்பீக்கரின் காந்தமும், கோனைத் தாங்கும் உலோகக் கூடையும் 12 இன்ச் ரகத்தில் இரண்டு முதல் நான்கு லிட்டர் வரை பிடிக்கும். தாங்குகட்டைகள் ஒரு லிட்டர். 4 இன்ச் போர்ட் 32 சென்டிமீட்டர் நீளம் என்றால் அது மூன்று லிட்டர். இவற்றையெல்லாம் முதலிலேயே கூட்டிக்கொள்ள வேண்டும். நம் 41 லிட்டர் சீல்டு பாக்ஸுக்கு ஸ்பீக்கருக்காக 3, கட்டைக்காக 1 சேர்த்து 45 லிட்டர். உள்ளே 50 × 30 × 30 என்று வைத்தால் சரியாக வரும், வெளியே 53.6 × 33.6 × 33.6.

பின்சீட்டின் முதுகு சாய்ந்திருப்பதால் பெட்டியின் ஒரு பக்கத்தையும் சாய்வாக வைத்தால் இடம் மிச்சமாகும். அப்போது ஆழத்துக்கு மேல் ஆழம், கீழ் ஆழம் இரண்டின் சராசரியை எடுக்கவும். அகலம் 60, உயரம் 30, மேலே 20, கீழே 30 என்றால் சராசரி 25. அதே 45 லிட்டர்.

இங்கே ஒரு வீண் கவலையையும் தீர்த்துவிடலாம். கனசதுரப் பெட்டி கூடாது, பக்கங்கள் 'தங்க விகிதத்தில்' இருக்க வேண்டும் என்று சொல்வார்கள். நடுத்தர சுருதிகளையும் வாசிக்கும் ஸ்பீக்கருக்கு அது நல்ல அறிவுரை. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவில் அலை மோதித் தேங்கும். ஆனால் 60 சென்டிமீட்டர் சுவர்களுக்கு நடுவில் அது நடப்பது 286 ஹெர்ட்ஸில். சப்வூஃபருக்கு நாம் விடுவதே 80 அல்லது 100 ஹெர்ட்ஸ் வரைதான். லிட்டர் சரியாக இருந்தால் டிக்கிக்கு எந்த வடிவம் பொருந்துகிறதோ அந்த வடிவம் போதும்.

அப்புறம், பலகை வெட்டும் முன் டிக்கியின் உட்புறத்தோடு அதன் வாயையும் அளக்க வேண்டும். உள்ளே தாராளமாக இருக்கும் டிக்கிக்கு வாய் குறுகலாக இருக்கும். செய்து முடித்த பெட்டி உள்ளே நுழையாது. ஸ்டெப்னி டயரை எடுக்க வழி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

## பலகை ஏன் அவ்வளவு தடிமன்?

12 இன்ச் கோனின் பரப்பு ஏறக்குறைய 480 சதுர சென்டிமீட்டர். அது ஒரு சென்டிமீட்டர் உள்ளே போனால் 41 லிட்டர் காற்றில் கிட்டத்தட்ட அரை லிட்டரை நெருக்குகிறது. அழுத்தம் ஒன்றரை சதவீதத்துக்கு மேல் ஏறும். கேட்க அற்பமாக இருக்கிறது. ஆனால் 50 × 30 பலகை ஒன்றின் மேல் இது சுமார் 25 கிலோ எடைக்குச் சமமான தள்ளு. அடுத்த நொடிப்பகுதியில் அதே அளவு உள்நோக்கி இழுப்பு. 40 ஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்கு நாற்பது முறை. பலகை வளைந்தால் அதுவே தன் பங்குக்கு ஒரு தப்பான ஒலியை எழுப்பும். மூட்டுகளும் நாளடைவில் விட்டுக்கொடுக்கும்.

அதனால்தான் 18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப், அதாவது மர இழைகளை அழுத்திச் செய்த பலகை. கனமானது, சீரானது, தட்டினால் மணிபோல ஒலிக்காமல் மந்தமாக ஒலிக்கும். நல்ல பல அடுக்கு ப்ளைவுட் எடை குறைவு, ஈரத்தையும் தாங்கும்; எம்.டி.எஃப் தண்ணீர் பட்டால் ஊதிவிடும். ஸ்பீக்கர் பூட்டும் முன்பலகையை மட்டும் இரண்டு அடுக்காகச் செய்வது நல்லது. பெரிய பலகைகளின் நடுவில், எதிர்ச் சுவருக்கு ஒரு தாங்குகட்டை கொடுத்தால் வளைவு வெகுவாகக் குறையும். எம்.டி.எஃப் அறுக்கும்போது பறக்கும் தூள் மிக நுண்ணியது, முகமூடி இல்லாமல் அறுக்காதீர்கள்.

மூட்டைப் பிடித்து நிற்பது மரப்பசை. திருகு, பசை காயும் வரை அழுத்திப் பிடிக்கத்தான். எம்.டி.எஃப் ஓரத்தில் நேரடியாகத் திருகினால் பலகை பிளக்கும். முதலில் மெல்லிய துளை போட்டுக்கொள்ள வேண்டும். முடுக்கும்போது மூட்டு நெடுகப் பசை மணி மணியாகப் பிதுங்கி வரவேண்டும். எங்கே பிதுங்கவில்லையோ அங்கே பசை போதவில்லை, நாளைக்குக் காற்று ஒழுகப்போகும் இடம் அதுதான். உள்மூலைகளில் விரலால் இன்னொரு கோடு பசை இழுத்துவிடுங்கள். சிலிகான் பூசினால், புளித்த வாடை முழுக்கப் போகும் வரை ஸ்பீக்கரைப் பூட்ட வேண்டாம். அந்த ஆவி ஸ்பீக்கரின் ஒட்டுகளைக் கெடுக்கலாம்.

சீல்டு பாக்ஸ் கொஞ்சம் சிறிதாகப் போய்விட்டால் ஒரு தந்திரம் உண்டு: தலையணைப் பஞ்சு. நெருக்கும்போது காற்று சூடாகிறது, அந்தச் சூடுதான் அதை இன்னும் விறைக்க வைக்கிறது. பஞ்சின் இழைகள் சூட்டை உறிஞ்சிக்கொள்வதால் காற்று தளர்ந்து, பெட்டி பெரிதானதுபோல நடந்துகொள்ளும். ஏட்டுக் கணக்கில் 40 சதவீதம். நடைமுறையில் 10, 20 சதவீதம் கிடைத்தால் நல்லது.

## டிக்கிக்குள் வைத்த பிறகு

முதலில் ஒழுகல் சோதனை. 40 ஹெர்ட்ஸ் ஒலியை மிதமான சத்தத்தில் ஓடவிட்டு, ஈரமான புறங்கையை மூட்டுகள், ஒயர் இணைப்புத் தட்டு, ஸ்பீக்கரின் விளிம்பு என்று மெதுவாக நகர்த்திப் பாருங்கள். ஒழுகும் இடத்தில் சில்லென்று காற்று தட்டும். அனேகமாக ஒயர் இணைப்புத் தட்டில்தான் இருக்கும். எல்லோரும் மறப்பது அதைத்தான்.

அடுத்து பெட்டியைக் கட்டுவது. இந்தச் சின்னப் பெட்டியே ஸ்பீக்கரோடு 20 கிலோவை நெருங்கும். திடீர் பிரேக்கில் அது பின்சீட்டை நோக்கித்தான் வரும். தரையில் உள்ள கொக்கிகளோடு பட்டை போட்டு இறுக்குங்கள், அல்லது கோண இரும்பு வைத்து அடித்தளத்தில் போல்ட் போடுங்கள். கீழே பெட்ரோல் டேங்க் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் துளை போட வேண்டாம்.

ஸ்பீக்கர் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதற்கு நிலையான விடை இல்லை. பல கார்களில் பின்கதவைப் பார்த்து வைத்தால் கூடுதல் பேஸ் வருகிறது. பெட்டியைத் திருப்பித் திருப்பி வைத்து, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கேட்டு முடிவு செய்யுங்கள். கடைசியாக ஒன்று: சப்வூஃபரின் பிளஸ், மைனஸ் ஒயர்களை ஒருமுறை மாற்றி இணைத்துப் பாருங்கள். முன்பக்கக் கதவு ஸ்பீக்கர்களும் சப்வூஃபரும் கைமாற்றிக்கொள்ளும் 80 ஹெர்ட்ஸ் வாக்கில், இரண்டும் எதிரெதிராக இயங்கினால் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். 80 ஹெர்ட்ஸ் ஒலியை ஓட்டி, எந்த இணைப்பில் சத்தம் கூடுதலோ அதையே நிரந்தரமாக்கிவிடலாம்.